நாலு நாள் வெயிலில் நின்ற ஒயின்

பர் துபாயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மதுக்கடை இருக்கிறது. வெளியே கண்ணாடி முழுக்கக் கறுப்புத்தாள். உள்ளே போனால் சிவப்பு ஒயின் அலமாரியில், கண்ணுக்கு நேராக, ஒரு சின்ன அட்டை செருகியிருக்கிறது. மலைநாட்டுச் சிறு தோட்டத்து ஒயின், அழுத்தமானது, கனிந்த பழச்சுவை, ஆட்டுக்கறியோடு குடிக்க ஏற்றது என்று ஆங்கிலத்தில் நாலு வரி. கீழே என் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். ஆட்டுக்கறியை நான் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை.

அதை எழுதவைத்த ஒயின் இறக்குமதி கம்பெனியை விட்டு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அட்டை மட்டும் போகவில்லை. அழுக்காகக் கூடாது என்று பிளாஸ்டிக் உறை வேறு போட்டிருக்கிறார்கள். இப்போது அதன் மேலே நிற்பது நான் சொன்ன பாட்டில்கூட இல்லை. அது தீர்ந்துபோன இடத்தில் வேறொரு தோட்டத்து பாட்டிலை வைத்துவிட்டார்கள். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் கோபம் வருகிறது. கடைக்காரர்கள் மேல் பாதி, என் மேல் மீதி. உண்மையைச் சொன்னால் என் மேல்தான் கூட.

என் வேலை ஒயினை ருசி பார்த்துச் சொல்வது. குடிப்பது அல்ல. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, பேப்பர் கப்பில் துப்பிவிட வேண்டும். உணவுத் தொழில்நுட்பம் படித்தவளை முதலில் தேயிலை பார்க்கத்தான் துபாய்க்கு எடுத்தார்கள். நாக்கு நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஒயின் பக்கம் வந்து சேர்ந்தேன். பதினோரு வருடத்தில் ஒரு சொட்டு விழுங்கியதில்லை. திருச்சியில் அப்பாவிடம் இறக்குமதி கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை என்று சொல்லியிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பெரிய கம்பெனிகளின் ஒயினுக்கு என் நாக்கு தேவையில்லை. அது தானே விற்கும். சிறு தோட்டங்களில் கொஞ்சமாகச் செய்கிற சிவப்பு ஒயின்களைத் தேடிப் பிடித்து, ருசித்து, இது நல்லது என்று ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் சிபாரிசு செய்வதுதான் எனக்குக் கொடுத்த பொறுப்பு. வாங்குபவருக்கு அந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அட்டையில் இருக்கும் ஒருத்தியின் வார்த்தையை நம்பித்தான் வாங்குகிறார். அந்த வார்த்தையைத்தான் நான் கெடுத்தேன்.

வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஈத் லீவு வந்தால் ஜார்ஜியா. மூன்று மணி நேர விமானம், விசாவுக்கு அலைச்சல் கிடையாது, குளிரும் உண்டு. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மலை மேல் நின்று படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் லீவு லீவாகும். நாங்களும் அப்படித்தான் போனோம். கணவரும் மகளும் மற்ற குடும்பங்களோடு கேபிள் காருக்கு வரிசையில் நிற்க, நான் கார் டிரைவரிடம் கேட்டு, பக்கத்துக் கிராமத்தில் ஒயின் செய்கிற ஒரு வீட்டுக்குப் போனேன்.

அறுபது வயதுக்கு மேலான ஓர் அம்மாள். தனி ஆள். வீட்டுக்குப் பின்னால் திராட்சைக்கொடி. கொட்டகைக்குள் தரையில் கழுத்துவரை புதைத்த மண்தாழிகள். அதில்தான் ஒயின் செய்கிறார்கள், காலங்காலமாக. அவர் ஒரு தாழியைத் திறந்து கரண்டியால் மொண்டு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். கறுப்பாக இருந்தது. வாயில் வைத்ததும் எனக்குக் கிடைத்தது நாவல்பழம். நன்றாகப் பழுத்தது இல்லை, நாக்கைப் பிடித்து இழுக்கிற அரைப்பழம். அப்புறம் மிளகு. கடைசியில் மழை பெய்த செம்மண் வாடை கொஞ்சம். துப்ப மனசில்லாமல் துப்பினேன். என் நோட்டில் தமிழில் எழுதிவைத்த குறிப்பு இன்னும் இருக்கிறது: “உயிரோடு இருக்கிறது.”

வெளிநாட்டுக்கு அவர் இதுவரை அனுப்பியதே இல்லை. நான் துபாய்க்கு அனுப்பச் சொன்னபோது சிரித்தார். பாலைவனத்துக்கா என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். விலை பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“சூடு படக்கூடாது. நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொட்டகை வேலை செய்து காய்ந்த கை, உப்புத்தாள் மாதிரி இருந்தது.

மேனேஜரைச் சம்மதிக்க வைக்க ஏழு மாதம் ஆனது. மும்பைக்காரர், இருபது வருடம் துபாயில். நல்ல மனிதர்தான் என்று முன்பெல்லாம் சொல்லுவேன். இப்போதும் மரியாதை கொடுத்துத்தான் எழுதுகிறேன், பழகிப்போன கை. ஒருவழியாக ஆர்டர் போனது. குளிர்சாதன கண்டெய்னரில், எங்கள் பேச்சில் ரீஃபரில், கப்பல் ஏறியது. ஆகஸ்டில் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில், எங்கள் குடோனுக்கு வந்து சேர்ந்தது. ஆகஸ்டில் நான் எங்கே இருந்தேன்? எல்லோரும் எங்கே இருப்பார்களோ அங்கே. பள்ளிக்கூட லீவு என்று மகளை அழைத்துக்கொண்டு திருச்சியில், நாலு கல்யாணம் ஒரு காதுகுத்து என்று அலைந்துகொண்டிருந்தேன்.

ரீஃபர் என்பது பிளக் செருகினால்தான் குளிரும். எங்கள் குடோன் முற்றத்தில் அதற்கு இருந்தது ஒரே பிளக். அந்த வாரம் நீண்ட விடுமுறை, சரக்கை இறக்கிக் குளிர்க்கிடங்கில் வைக்க ஆள் இல்லை. எங்கள் சரக்கு வந்த அன்றே ஒரு பெரிய கம்பெனியின் ஷாம்பெயின் கண்டெய்னரும் வந்தது. குடோன் பொறுப்பில் இருந்தவர் மேனேஜரை போனில் கூப்பிட்டு எதற்கு பிளக் கொடுப்பது என்று கேட்டார். மேனேஜர் யோசிக்கக்கூட இல்லையாம். ஷாம்பெயினுக்குக் கொடு, ரெட் ஒயின்தானே, அதை ரூம் டெம்பரேச்சரில்தானே குடிக்கிறார்கள் என்றாராம்.

ரூம் டெம்பரேச்சர். எந்த ரூம்? ஐரோப்பாவில் கல்லால் கட்டின வீட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் சொன்ன ரூம் அது. ஜெபல் அலி முற்றத்தில் ஆகஸ்ட் மாதம் மத்தியானம் இரும்புப்பெட்டி மேல் கை வைத்தால் தோல் உரிந்துவிடும். பன்னிரண்டரைக்கு மேல் வெளியில் வேலை செய்யக்கூடாது என்று மனிதனுக்கே சட்டம் இருக்கிற மாதம். இருபது வருடம் இங்கே மதுவைக் கட்டி ஆள்கிற மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். பெரிய பெயர் உள்ள பாட்டில் கெட்டால் கேள்வி கேட்க ஆள் உண்டு. மலையில் தனியாக இருக்கிற கிழவியின் பாட்டில் கெட்டால் யார் கேட்பார்கள் என்பதும் தெரியும். நாலு நாள் அந்த ஒயின் வெயிலில் வெந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது அந்தக் குடோன் பொறுப்பாளர் வழியாகத்தான். அரியலூர்ப் பக்கம், ஐம்பதை நெருங்குகிறவர், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர். நான் ஊரிலிருந்து திரும்பிய முதல் நாள், டீ குடிக்கிற இடத்தில் வந்து நின்றார்.

“மேடம், நீங்க வரவழைச்ச சரக்குல பாட்டில் கார்க்கெல்லாம் மேல எந்திரிச்சு நிக்குது. கழுத்துல ஒழுகி பிசுபிசுன்னு காஞ்சிருக்கு. எனக்கு அதைப்பத்தி ஒண்ணும் தெரியாது. பாத்தா சரியாப் படல, அதான் சொல்லிட்டேன்.”

நான் பார்த்துக்கறேன் அண்ணே என்றேன். அந்த அம்மாளிடம் சொன்ன அதே வார்த்தை.

இரண்டு நாள் கழித்து ருசி பார்க்கும் கூட்டம். எங்கள் கம்பெனியில் அதற்கு ஒரு முறை உண்டு. எந்த ஊரிலும் இப்படிக் கிடையாது. மற்ற இடங்களில் எல்லோரும் முதலில் எழுதிவிட்டு அப்புறம் பேசுவார்கள், ஒருவர் சொன்னது இன்னொருவர் நாக்கில் ஏறக்கூடாது என்று. எங்களிடம் மேனேஜர் முதலில் பேசுவார். பிறகு விற்பனையாளர்கள் இருவர், பதவி வரிசைப்படி. நாக்குக்காக சம்பளம் வாங்குகிற நான் கடைசி. நான் பேனாவைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

மேனேஜர் ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். ஆஹா என்றார். அத்திப்பழ ஜாம் மாதிரி இருக்கிறது, என்ன கனம், என்ன இனிப்பு, நம் வாடிக்கையாளர்கள் கொத்திக்கொண்டு போவார்கள் என்றார். விற்பனையாளர்கள் இருவரும் அத்திப்பழத்தையே திருப்பிச் சொன்னார்கள். ஒருவர் தன் பங்குக்குப் பேரீச்சம்பழம் சேர்த்தார்.

நான் வாயில் வைத்தேன். நாவல்பழம் செத்துப்போயிருந்தது. வெல்லப்பாகு அடுப்பிலேயே மறந்துபோய் அடிப்பிடித்தால் ஒரு வாடை வருமே, அது. மிளகு இல்லை, மண் இல்லை, இழுக்கிற துவர்ப்பு இல்லை. வெந்த சாறு. துப்பினேன். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, நீ கண்டுபிடித்த ஒயின்தானே, சொல் என்றார்.

இது கெட்டுப்போயிற்று என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இல்லை, காலியாகத்தான் இருந்தது. மனசுக்குள் அதற்குள் ஒரு நல்ல காரணம் தயாராகிவிட்டது. கெட்டுப்போனது என்றால் முற்றத்தில் யார் பொறுப்பு என்று கேட்பார்கள், அரியலூர்க்காரர் தலையில் கட்டிவிடுவார்கள், பாவம் அவர் வேலை போகும். அந்தக் கணம் எனக்கு அவர் மேல் எவ்வளவு கருணை பொங்கியது தெரியுமா? அதுவரை அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட நான் கேட்டதில்லை. என் பயத்துக்கு அவரை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். நன்றாக இருக்கிறது சார், கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலமே அட்டையும் எழுதிக் கொடுத்தேன்.

விற்றது. அதுதான் கொடுமை. மேனேஜர் சொன்னபடியே கொத்திக்கொண்டு போனார்கள். ஹோட்டல்கள் திரும்பக் கேட்டன. குவைத் அப்பாசியாவிலிருந்து எங்களைப் பார்க்க வந்த என் கொழுந்தனார், அங்கே கிடைக்காததை இங்கே வந்ததும் வாங்கிவிட்டு, அண்ணி, நீங்க எழுதினதுன்னு பாத்துத்தான் எடுத்தேன், பிரமாதம் என்று எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சொன்னார். அவருக்கு உப்புமாதான் போட்டுக் கொடுத்தேன். அவர் பாராட்டின ஒவ்வொரு தடவையும் எனக்கு அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் போல இருந்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

ஜனவரியில் அந்த அம்மாளை துபாய்க்கு வரவழைத்தார் மேனேஜர். ஒரு ஹோட்டலில் விருந்து, ஹோட்டல் ஆட்கள் இருபது பேர். அம்மாள் முதல் தடவையாக விமானம் ஏறி வந்திருந்தார். புதிதாகத் தைத்த நீலக் கோட்டு. என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் முன்னால் அவருடைய ஒயினையே ஊற்றினார்கள். கிளாஸைச் சுழற்றினார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். கிளாஸை மேஜையில் வைத்து, மெல்லத் தள்ளி வைத்தார். மேனேஜர் எழுந்து நின்று, நான் எழுதிய அட்டையைக் காட்டி, அத்திப்பழக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாள் குனிந்து, காலடியில் வைத்திருந்த பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். எனக்குப் பரிசாகக் கொடுக்க, துணியில் சுற்றி எடுத்து வந்திருக்கிறார். அதே வருடத்து ஒயின், அதே தாழி. அதைத் திறக்கச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எல்லோருக்கும் ஊற்றச் சொன்னார்.

மேனேஜர் இரண்டையும் குடித்துப் பார்த்தார். சற்றும் தயங்காமல் வெந்த கிளாஸைத் தொட்டு, இதுதான் மேல் என்றார். மற்றது கொஞ்சம் புளிப்பு, கரடுமுரடு, அதை இன்னும் மெருகேற்ற வேண்டும் என்று அந்த அம்மாளுக்கே பாடம் எடுத்தார். மேஜை முழுக்க ஆமாம் போட்டது. இருபது தலைகள். என் தலை அன்று ஆடின மாதிரியே ஆடின.

அம்மாள் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“நீங்கள் இதை ருசி பார்த்துவிட்டா எழுதினீர்கள்?”

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஆமாம் என்றேன். பிறகு, ஐந்து மாதம் தொண்டையில் கிடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன். நல்ல ஒயின் அவர் பையில் வந்தது, இது எங்கள் முற்றத்தில் பிளக் இல்லாமல் நாலு நாள் வெந்தது, எனக்கு முதல் வாயிலேயே தெரியும், தெரிந்தேதான் சிபாரிசு செய்தேன் என்றேன். குடோன் ஆள் எச்சரித்தார், பிளக்கை ஷாம்பெயினுக்குக் கொடுக்கச் சொன்னது அவர் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். மேனேஜர் சத்தமாகச் சிரித்தார். ருசி என்பது அவரவர் விருப்பம் என்றார். சாப்பாடு வந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள். அம்மாள் ரொட்டியை மட்டும் பிய்த்துத் தின்றார்.

மறுநாள் காலை மேனேஜர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஒரு மெயில் எழுதச் சொன்னார். இரண்டு மடங்கு ஆர்டர், ஆனால் ருசி முதலில் வந்த சரக்கு மாதிரியே இருக்க வேண்டும், மாறக்கூடாது. என் பெயரில்தான் போக வேண்டும் என்றார், தோட்டங்களோடு பேசுவது என் வேலை அல்லவா. எழுதி அனுப்பினேன். அந்த மெயிலை எழுதிய விரல்களை இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து பதில் வந்தது.

“அந்த ருசி என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. எந்த ஒயினை வேண்டுமானாலும் வாங்கி ஆகஸ்டில் உங்கள் முற்றத்தில் நாலு நாள் வையுங்கள். என் பெயரை மட்டும் அதில் ஒட்டாதீர்கள்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது எனக்கு. மேனேஜர் இரண்டு தடவை படித்தார். கிழவிக்குத் திமிர் என்றார். பிறகு மூன்றாம் தடவை படித்தார். அப்போது அவர் எதையோ யோசித்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் இவ்வளவு தூரம் போவார் என்று நினைக்கவில்லை.

அந்த வருடம் நான் ஊருக்குப் போகவில்லை. மகளையும் கணவரையும் மட்டும் அனுப்பிவிட்டு இங்கேயே இருந்தேன். ஆகஸ்டு முதல் வாரம் ஒரு காலையில் ஆபீஸில் இருக்கும்போது குடோனிலிருந்து போன். அரியலூர்க்காரர். வேறொரு மலைநாட்டுச் சிறு தோட்டத்திலிருந்து புது ஒயின் வந்திருக்கிறது. இளம் தம்பதி, முதல் ஏற்றுமதி, ருசி பார்த்து எடுத்தது நான்தான். பிளக் அன்று காலியாகத்தான் இருந்தது.

“மேடம், மேனேஜர் பெட்டியை எல்லாம் கண்டெய்னர்லருந்து இறக்கி, முற்றத்துல வெயில்லயே நாலு நாள் வைக்கச் சொல்றாரு. மறந்து போயிட்டாருன்னு திரும்பக் கேட்டேன். இல்ல, வேணும்னேதான் சொல்றேங்கறாரு. பெட்டி வெளிய நிக்குது. வைக்கவா மேடம்?”

பின்னால் யாரோ ஜல்தி ஜல்தி என்று கத்துவது கேட்டது. மணி பத்தரை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே கண் கூசியது. பார்த்துக்கறேன் அண்ணே என்று இந்த முறை என் வாய் சொல்லவில்லை. மேனேஜரிடம் போய்ப் பேசலாம், மெயில் போடலாம், காரணம் காட்டலாம் என்றெல்லாம் வழக்கம்போல மனசு ஓடத் தொடங்கியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

“உள்ள எடுத்து வைங்கண்ணே. இப்பவே. யார் சொன்னதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க.”

அங்கே கத்திக்கொண்டிருந்தவரை அவர் நிற்கச் சொல்வது கேட்டது.

“முழுப் பேரையே சொல்லவா மேடம்?”

சொல்லுங்கள் என்றேன். அவர் போனை வைக்க மறந்துவிட்டார். பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் கிளம்புகிற சத்தமும், குளிர்க்கிடங்கின் இரும்புக் கதவு மேலே ஏறுகிற சத்தமும் கேட்டன. கடைசிப் பெட்டி உள்ளே போகிறவரை நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.